கல்லும் குடியும்: கெய்ரோவின் தர்புல் அஹ்மர் பெற்ற மறுவாழ்வு

இஸ்லாமிய வரலாற்றெழுத்தில் ‘கிதத்’ என்றொரு தனித்துறை உண்டு. அரசர்களின் வரிசையையும் போர்களின் விவரத்தையும் பின்னுக்குத் தள்ளி, ஒரு நகரத்தின் பகுதிகள், தெருக்கள், சந்துகள், அங்கு எழுந்த கட்டடங்கள், அவற்றைக் கட்டியோர், அவற்றில் வாழ்ந்தோர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துரைப்பது அத்துறையின் இயல்பு. எகிப்தில் தழைத்த இத்துறையின் சிகரம் என அறிஞர்கள் போற்றுவது தகியுத்தீன் அல்-மக்ரீஸீ (1364–1442) இயற்றிய பெருநூலாகும். ‘அல்-மவாஇழ் வல்-இஃதிபார் பி திக்ரில் கிதத் வல்-ஆஸார்’ என்பது அதன் முழுப்பெயர். ‘கிதத்’ என்றால் மக்கள் குடியிருக்கும் நகர்ப்பகுதிகள். ‘ஆஸார்’ என்றால் முன்னோர் விட்டுச் சென்ற சின்னங்கள். இவ்விரண்டையும் ஒரே தலைப்பில் பிணைத்து, அவற்றிலிருந்து பெறத்தக்க படிப்பினையை முன்வைக்கிறார் ஆசிரியர். அவர் இப்னு கல்தூனிடம் பாடம் கேட்டவர். கெய்ரோவின் ‘முஹ்தஸிப்’ பதவியை வகித்தவர். சந்தையின் எடைக்கல்லையும் தெருவின் ஒழுங்கையும் கண்காணிப்பது அப்பதவியின் கடமை. எனவே நகரம் என்பது அவருக்கு ஏட்டில் கண்ட பொருளன்று. காலால் நடந்து அறிந்த பொருள்.

பின்வந்த காலத்தில் அவ்விரு சொற்களும் பிரிந்துபோயின. சின்னங்களைக் காக்க ஒரு துறை, குடியிருப்புகளைக் கவனிக்க வேறொரு துறை என நிர்வாகம் பிளவுபட்டது. சின்னம் காக்கப்பட வேண்டுமெனில் அதனருகே வாழ்வோர் அகல வேண்டும் என்ற எண்ணமும், மக்கள் முன்னேற வேண்டுமெனில் பழைய கட்டடங்கள் இடிய வேண்டும் என்ற எண்ணமும் ஒருங்கே வேரூன்றின. கெய்ரோவின் ‘அத்-தர்புல் அஹ்மர்’ என்னும் பழம்பகுதி இந்தப் பிளவினால் சீரழிந்ததையும், அண்மைக் காலத்தில் மக்களும் மாநகர ஆட்சியும் ஓர் அறக்கட்டளையும் கைகோத்ததால் ஓரளவு மீண்டெழுந்ததையும், அம்மீட்சியின் எல்லை எதுவென்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கோட்டைக்குச் செல்லும் வழி

ஃபாத்திமீக்கள் கி.பி. 969இல் நிறுவிய கெய்ரோ, மதிலால் சூழப்பட்ட ஓர் அரச நகரம். அதன் தெற்கு வாயிலாக 1092இல் எழுந்த பாபு ஸுவைலா இன்றும் நிலைத்து நிற்கிறது. சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி 1176இல் முகத்தம் குன்றின் ஒரு கிளையின்மேல் கோட்டை எழுப்பத் தொடங்கியபோது, நகரின் வரலாறே திசை மாறியது. அரசவை பழைய நகரின் நடுவிலிருந்து கோட்டைக்கு இடம்பெயர்ந்தது. பாபு ஸுவைலாவிலிருந்து கோட்டைக்குச் செல்லும் வழி நகரின் முதன்மைப் பாதைகளுள் ஒன்றாயிற்று. அவ்வழியின் இருமருங்கிலும் வளர்ந்த பகுதியே தர்புல் அஹ்மர். ‘செந்தெரு’ என்று அதனைத் தமிழில் சொல்லலாம்.

மம்லூக் அமீர்கள் இவ்வழியில் தம் பெயர் விளங்கப் போட்டியிட்டுக் கட்டினர். 1340இல் அல்தூன்புகா அல்-மாரிதானீயின் பள்ளிவாசல், 1347இல் ஆக்ஸுன்குரின் பள்ளிவாசல், 1481இல் கிஜ்மாஸ் அல்-இஸ்ஹாகீயின் பள்ளிவாசல் என அந்த வரிசை நீளும். கடைசியாகக் கூறிய பள்ளிவாசலின் உருவத்தை எகிப்தின் 50 பவுண்டு நாணயத்தாளில் காணலாம். ஆக்ஸுன்குரின் பள்ளிவாசலை 17ஆம் நூற்றாண்டில் புதுப்பித்த இப்ராஹீம் ஆகா அதன் கிப்லாச் சுவரை நீல ஓடுகளால் அணிசெய்ததால், அது ‘நீலப் பள்ளிவாசல்’ என்ற பெயரும் பெற்றது. ஒரு சதுர கிலோமீட்டரைச் சற்றே விஞ்சும் இப்பகுதியில் 60க்கும் மேற்பட்ட நினைவுச் சின்னங்கள் உள்ளன. அவற்றினூடே தச்சர், செருப்புத் தைப்போர், பித்தளைக் கைவினைஞர், கூடாரத்துணியில் பூவேலை செய்யும் ‘கய்யாமிய்யா’ தொழிலாளர் எனப் பல தொழிலோர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தனர்.

வக்ஃப் என்னும் பிணைப்பு

இத்தனை கட்டடங்களையும் இத்தனை நூற்றாண்டுகள் தாங்கி நின்றது எது? அரசின் கருவூலம் என்று விடையிறுத்தல் பொருந்தாது. சுல்தான்கள் மாறினர், அமீர்கள் கொல்லப்பட்டனர், கருவூலம் பலமுறை வறண்டது. தாங்கி நின்றது வக்ஃப் என்னும் அறநிலை ஏற்பாடேயாகும்.

பாபு ஸுவைலாவுக்கு எதிரே 1160இல் எழுந்த ஸாலிஹ் தலாயிஃ பள்ளிவாசலை எடுத்துக்கொள்வோம். அதன் தொழுகைத்தளம் தெருமட்டத்திற்கு மேலே உயர்த்திக் கட்டப்பட்டது. கீழ்த்தளம் முழுவதும் கடைகள். கடைகளின் வாடகை பள்ளிவாசலின் பராமரிப்புக்கு உரியது. காலப்போக்கில் தெருமட்டம் உயர்ந்துவிட்டதால் அக்கடைகள் இன்று பள்ளத்தில் கிடக்கின்றன. பள்ளிவாசலைச் சார்ந்த கடைகளின் வருவாயில் பள்ளிவாசல் நடைபெறும் இந்த ஏற்பாடு தமிழக வாசகர்களுக்குப் புதியதன்று. வணிகன் பிழைக்கும்வரை பள்ளிவாசல் நிற்கும். பள்ளிவாசலுக்கு மக்கள் வரும்வரை வணிகன் பிழைப்பான். இதில் கல்லும் குடியும் ஒன்றையொன்று தாங்குகின்றன.

மற்றொரு சான்று உம்முஸ் சுல்தான் ஷஃபான் மத்ரஸா. சுல்தான் அல்-அஷ்ரஃப் ஷஃபானின் தாயார் கவந்த் பரகாவின் பெயரால் 1368–69இல் அது எழுந்தது. ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளின் மாணவர்களுக்கும் அங்கு இடமிருந்தது. நுழைவாயிலின் ஒருபுறம் வழிப்போக்கர் தாகம் தீர்க்கும் ‘ஸபீல்’; மறுபுறம் கால்நடைகள் நீரருந்தும் ‘ஹவ்ழ்’ தொட்டி. கல்வி பயில வந்தவனுக்கும், கூலிவேலைக்குப் போகிறவனுக்கும், அவன் ஓட்டிச் செல்லும் கழுதைக்கும் அக்கட்டடத்தில் பங்கிருந்தது. 1377இல் கொலையுண்ட சுல்தான், தமக்கென எழுப்பிய கட்டடம் நிறைவுறாத நிலையில், தம் தாயாரின் மத்ரஸாவிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இவ்வேற்பாட்டில் ஃபிக்ஹ் அறிஞர்கள் கண்ட நுட்பமும் ஈண்டுக் கருதத்தக்கது. வக்ஃபின் வருவாயில் முதற்செலவு ‘இமாரா’, அதாவது அச்சொத்தின் பழுது நீக்கிப் பேணுதல். வக்ஃப் செய்தவர் அதனைத் தம் பத்திரத்தில் எழுதியிருப்பினும் எழுதாவிடினும் அதுவே முதற்செலவு என்பது ஹனஃபீ அறிஞர்களின் தெளிவான நிலைப்பாடு. ஆசிரியரின் ஊதியமும் மாணவரின் உதவித்தொகையும் அதன் பின்னரே வரும். சுவர் விழுந்தால் பயன்பெறுவோர் எவரும் இரார் என்பதே இதன் காரணம். நிலையான அறம் என்னும் ‘ஸதகத்துன் ஜாரியா’ ஓடிக்கொண்டிருக்க வேண்டுமாயின், அது ஓடும் வாய்க்கால் தூர்ந்துபோகலாகாது.

தெருவின் நலனுக்கும் இதுபோன்ற ஒழுங்கு இருந்தது. ‘ஹாரா’ எனப்படும் சந்துக் குடியிருப்புக்கு ஒரு தலைவர் உண்டு. சந்தைக்கு முஹ்தஸிப் உண்டு. வழியிலுள்ள இடையூற்றை அகற்றுவதும் தர்மமே என்ற நபிமொழி அங்கு தனிமனித நற்குணமாக மட்டும் நில்லாமல் நகர நிர்வாகத்தின் கொள்கையாகவும் செயற்பட்டது.

எனினும் பழமையைக் குறையற்ற பொற்காலமாகச் சித்திரிப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. மக்ரீஸீயே அதற்குச் சாட்சி. பயனற்றுப்போன வக்ஃப் சொத்துக்கு ஈடாக வேறு சொத்தைப் பெறும் ‘இஸ்திப்தால்’ என்னும் அனுமதியை அதிகாரம் மிக்கோர் வளைத்த விதத்தை அவர் வன்மையாகக் கண்டிக்கிறார். ஜமாலுத்தீன் யூஸுஃப் என்னும் அரண்மனை அதிகாரி ஒரு வக்ஃப் கட்டடத்தின்மேல் ஆசை வைத்தால், அது அண்டை வீட்டாருக்கும் வழிப்போக்கருக்கும் ஆபத்தானது என்று சொல்ல இருவர் சாட்சிகளாக வருவர், காழி அதை ஏற்று மாற்றத்துக்கு ஆணையிடுவார், கட்டடம் கைமாறும். அவ்வதிகாரி 1409இல் வீழ்ந்தார். ஆனால் அவர் கண்ட வழி வீழவில்லை. ‘ஆபத்தான கட்டடம்’ என்ற முத்திரையைக் குத்தி ஏழையின் கூரையைக் கைப்பற்றும் அவ்வழியை இருபதாம் நூற்றாண்டிலும் நாம் காணப்போகிறோம்.

பிணைப்பு அறுந்த கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முஹம்மத் அலி பாஷா வக்ஃப் விளைநிலங்கள் பலவற்றை அரசின் பிடிக்குள் கொணர்ந்தார். கட்டடங்களுக்கு உணவூட்டிய நரம்பு அங்கேயே தளர்ந்தது. கெதீவ் இஸ்மாயீல் காலத்தில் நைல் நதிப்பக்கம் ஐரோப்பிய பாணியில் புதுநகர் எழுந்தது. செல்வர்கள் அங்கே குடிபெயர்ந்தனர். பழைய நகரைப் பிளந்துகொண்டு கோட்டையை நோக்கி முஹம்மத் அலி தெரு வெட்டப்பட்டபோது அதன் வழியில் இருந்த பள்ளிவாசல்களும் வீடுகளும் பலியாயின.

1881இல் அரபுக் கலைச் சின்னங்களின் பாதுகாப்புக்கென ஒரு குழு அவ்காஃப் அமைச்சகத்தின்கீழ் அமைக்கப்பட்டது. அக்குழு இல்லையேல் இன்று நாம் காணும் சின்னங்கள் பல மண்ணோடு மண்ணாகியிருக்கும். அந்நன்றியை மறத்தல் ஆகாது. ஆயினும் சின்னத்தை அதன்மேல் சாய்ந்திருந்த கடைகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் ‘விடுவித்து’ தனியே நிறுத்துவது அதன் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. கட்டடம் காப்பாற்றப்பட்டது. அதற்கு உயிரூட்டிய தெருவுடனான உறவோ துண்டிக்கப்பட்டது.

1952ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் குடும்ப வக்ஃப்கள் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. பொது அறத்துக்கான வக்ஃப்களின் மேற்பார்வை அமைச்சகத்திடம் சென்றது. ஒரு தெருவின் சுவர் இடிந்தால் அத்தெருவிலேயே இருந்த நாழிர் பொறுப்பேற்ற காலம் மறைந்து, தொலைவிலுள்ள அலுவலகத்துக்கு மனு எழுதும் காலம் வந்தது.

இவற்றோடு வாடகைச் சட்டங்களும் சேர்ந்துகொண்டன. 1940கள் முதல் 1960கள் வரை இயற்றப்பட்ட சட்டங்கள் வீட்டு வாடகையை உறையச் செய்தன. ஏழைக் குடித்தனக்காரரைக் காக்கும் நல்லெண்ணமே அவற்றின் அடிப்படை. பணவீக்கம் வாடகையைப் பெயரளவினதாகக் கரைத்துவிட்டபோது உரிமையாளர் பழுதுபார்ப்பதை அடியோடு நிறுத்தினார். வீடு விழுந்தால் குடித்தனக்காரர் தாமே வெளியேறுவார். வெற்றுமனைக்கு நல்ல விலை கிடைக்கும் என்ற கணக்கு எழுந்தது. 1970களின் நகரத் திட்டங்கள் தெருக்களை அகலப்படுத்தவும் பழைய வீடுகளை இடிக்கவும் வகைசெய்தன. என்றேனும் இடிக்கப்படப்போகும் வீட்டுக்கு யார் பூச்சுப் பூசுவார்? 1992 அக்டோபர் 12 அன்று கெய்ரோவை உலுக்கிய நிலநடுக்கம் பள்ளிவாசல்களின் மினாராக்களையும் வீடுகளின் சுவர்களையும் ஒருசேரப் பிளந்தது. இடிப்பாணைகள் பெருகின. மக்ரீஸீ கண்டித்த ‘ஆபத்தான கட்டடம்’ என்னும் சொல் புதிய உடையில் திரும்பி வந்தது.

குப்பைமேடும் மதிலும்

தர்புல் அஹ்மரின் கிழக்கு எல்லையில் தர்ராஸா என்னும் மேடு இருந்தது. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக நகர மக்கள் கொட்டிய இடிபாடுகளும் குப்பையும் அங்கே மலையாகக் குவிந்திருந்தன. நகரின் குப்பை நகரின் மதிலையே மூடிவிட்டது. அம்மேட்டை ஒட்டி வாழ்வது இழிவு என்ற நிலை ஏற்பட்டு, போதைப்பொருள் வணிகத்தின் பெயரும் அண்மையிலிருந்த சந்துகளுக்கு வந்து சேர்ந்தது.

1984இல் கெய்ரோவின் வளர்ச்சி குறித்து அங்கு நடைபெற்ற ஒரு கருத்தரங்கையொட்டி, இஸ்மாயீலீ பிரிவினரின் தலைவரான நான்காம் ஆகா கான் இந்நகருக்கு ஒரு பூங்காவை அளிக்க முன்வந்தார். கெய்ரோவை நிறுவிய ஃபாத்திமீக்களைத் தம் முன்னோராகக் கொள்பவர் அவர். 2025 பிப்ரவரியில் காலமானார். அகீதாவில் அவருடைய பிரிவினருக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு அறிந்ததே. நற்பணியை நற்பணி என்று சொல்வதற்கு அது தடையன்று. மாநகர ஆட்சி தர்ராஸா மேட்டின் 30 ஹெக்டேர் நிலத்தை அளித்தது. நகரின் குடிநீருக்காக 80 மீட்டர் விட்டமுள்ள மூன்று மாபெரும் நீர்த்தொட்டிகள் அங்கேயே கட்டப்பட்டமையால் பணி பல ஆண்டுகள் தாமதமாயிற்று. பின்னர் அத்தொட்டிகளையும் உள்ளடக்கிப் பூங்கா வரையப்பட்டது. 15 லட்சம் கன மீட்டருக்கும் மேற்பட்ட மண்ணும் இடிபாடும் அகழ்ந்து நகர்த்தப்பட்டன. சுமார் 3 கோடி டாலர் செலவில் உருவான அல்-அஸ்ஹர் பூங்கா 2005 மார்ச் மாதத்தில் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது.

அகழ்வின்போது ஸலாஹுத்தீனின் மதில் வெளிப்பட்டது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்குக் கொத்தளங்களும் உள்வழிகளும் கொண்ட மதில் மண்ணுக்குள் சிதையாமல் உறங்கிக் கிடந்தது. அதன் கற்களிடையே ஃபிர்அவ்ன் காலத்துச் சித்திர எழுத்துகள் பொறித்த பாறைகளும் காணப்பட்டன. பாபுல் மஹ்ரூக், அதாவது ‘எரிந்த வாயில்’ என்னும் நுழைவிடமும் அங்கே உள்ளது. 1254இல் அமீர் ஆக்தாய் கொல்லப்பட்டபோது, அவரைச் சார்ந்த மம்லூக்குகள் இரவோடிரவாக நகரை விட்டுத் தப்பியோட முயன்று, வாயில் பூட்டியிருக்கக் கண்டு அதற்குத் தீமூட்டி வெளியேறினர் என்பது வரலாறு.

மதிலருகே எழுந்த கேள்வி

மதில் வெளிப்பட்டதும் ஒரு சிக்கல் எழுந்தது. அதன் நகர்ப்புறத்தில், மதிலையே பின்சுவராகக் கொண்டு பல வீடுகள் நின்றன. தொல்பொருள் சின்னத்தைச் சுற்றியுள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றுவது அதிகாரிகளின் வழக்கமான அணுகுமுறை. 1983ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் அதற்கு இடமளித்தது. பூங்கா எழுந்ததும் அதனை நோக்கிய மனைகளின் மதிப்பு உயரும் என்பதும் வெளிப்படை. மதிலைக் காட்சிப்பொருளாக்கி மக்களை நகரின் விளிம்புக்கு அனுப்பிவிடுவது எளிதான வழியாக இருந்தது.

அறக்கட்டளையின் பண்பாட்டுப் பிரிவினர் வேறு வழியை வாதிட்டனர். அம்மதில் எட்டு நூற்றாண்டுகளாக மக்கள் வாழ்வோடு இணைந்தே நின்றது. வீடுகளை அகற்றினால் ஒரு வெற்று இடம்தான் மிஞ்சும். வெற்றிடம் மீண்டும் குப்பைமேடாகும் என்பது அவர்கள் வாதம். வீடுவீடாக விசாரித்தபோது மக்களுள் பெரும்பாலோர் அங்கேயே வாழ விரும்பியமை தெரியவந்தது. அவர்களின் பட்டறை, கடை, உறவு, பள்ளிவாசல் எல்லாம் நடந்துசெல்லும் தொலைவில் இருந்தன. சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் அப்பகுதியை ஒரு குடிசைப்பகுதியாகக் கருதி அப்புறப்படுத்தத் தேவையில்லை. தொழிலும் திறனும் உள்ள, ஆயின் முதலீடும் உரிமைப் பாதுகாப்பும் அற்ற ஒரு நகரப்பகுதியாகவே அதனைக் காண வேண்டும் என்ற தெளிவு பிறந்தது. மாநகர ஆட்சியும் தொல்பொருள் துறையும் படிப்படியாக இவ்வாதத்துக்கு இணங்கின. நமது பார்வையில் இத்திட்டத்தின் மிகப் பெரிய சாதனை இந்த இணக்கமே. பூங்காவும் மினாராவும் அதன்பின்தான்.

செயற்பட்ட முறையையும் காண்போம். நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் பழுதுநீக்கப்பட்டன. செலவின் ஒரு பகுதியை அறக்கட்டளை ஏற்றது. மறுபகுதியை உரிமையாளரும் குடித்தனக்காரரும் சிறுகடனாகப் பெற்றுத் தவணையில் திருப்பினர். இலவசமாக அளித்தல் எளிது. ஆனால் பங்களித்தவனுக்கே ‘இது என் வீடு’ என்னும் உரிமையுணர்வு பிறக்கும். வேலை நடக்கும்போது குடும்பங்கள் வேறிடத்தில் தங்கி, முடிந்ததும் தம் வீட்டுக்கே திரும்பின. கழிவுநீர் வசதியும் தனிக் குளியலறையும் அற்ற வீடுகளில் அவை அமைந்தன. இவற்றுக்கு எகிப்தின் சமூக மேம்பாட்டு நிதியமும், ஃபோர்ட் அறக்கட்டளையும், சுவிஸ்–எகிப்திய மேம்பாட்டு நிதியமும் துணைநின்றன.

மதிலின் பழுதுநீக்கம் அப்பகுதி இளைஞர்களுக்குப் பள்ளியாக அமைந்தது. கல்தச்சு, மரவேலை முதலியவற்றைப் பயின்ற பலர் அங்கேயே கூலி பெற்றனர். கைவினைஞர்களுக்குச் சிறுகடன்கள் கிடைத்தன. தர்பு ஷுக்லான் தெருவில் பாழடைந்திருந்த ஒரு பழைய பள்ளிக்கூடம் மீட்கப்பட்டுச் சமூக மையமாயிற்று. உம்முஸ் சுல்தான் ஷஃபான் மத்ரஸாவும், எகிப்தின் முதல் உஸ்மானிய ஆளுநரான கைர்பேயின் கட்டடத் தொகுதியும், தராபாய் அஷ்-ஷரீஃபீயின் அடக்கத்தலமும் புத்துயிர் பெற்றன. 1345இல் எழுந்த அஸ்லம் அஸ்-ஸிலாஹ்தார் பள்ளிவாசல் புதுப்பிக்கப்பட்டபோது அதன் முன்னுள்ள சதுக்கமும் சீர்செய்யப்பட்டது. பிள்ளைகள் விளையாடவும் பெரியோர் மாலையில் அமரவும் ஓரிடம் கிடைத்தது. நிலநடுக்கத்தால் சிதைந்த நீலப் பள்ளிவாசல் 2012இல் மீண்டும் தொழுகைக்குத் திறக்கப்பட்டது. அண்மை ஆண்டுகளில் மாரிதானீ பள்ளிவாசலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் புதுப்பிக்கப்பட்டது.

மீட்சியின் எல்லை

இவ்வளவும் கூறியபின் குறைகளையும் கூறுவதே ஆய்வின் நேர்மை. பூங்காவின் முதன்மை வாயில் நகரின் மறுபுறத்தில், ஸலாஹ் ஸாலிம் நெடுஞ்சாலையில் உள்ளது. வாகனம் உடையோர்க்கு வசதியான இடம் அது. நுழைவுக் கட்டணம் பூங்காவின் பராமரிப்புக்குப் பயன்படுகிறது என்பது உண்மையே. பெரிய குடும்பத்தையுடைய ஓர் ஏழைத் தொழிலாளிக்கு அது சிறு தொகையன்று என்பதும் உண்மையே. நூற்றுச்சொச்சம் வீடுகள் என்பது ஒரு லட்சம் பேரின் தேவைக்கு முன் சிறிய அளவு. மதிலை ஒட்டிய பகுதியில் திட்டம் ஆழமாக வேரூன்றியது. அதைவிட்டு விலகிய சந்துகளுக்கு அவ்வளவு எட்டவில்லை.

2011ஆம் ஆண்டு எழுச்சிக்குப் பின் மாநகரக் கண்காணிப்பு தளர்ந்தது. பழைய வீடுகள் இரவோடிரவாக இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் அனுமதியற்ற உயரமான செங்கல் கட்டடங்கள் எழுந்தன. மினாராக்களின் இடையே அவை இன்றும் நிற்கின்றன. ஆட்சி தன் பங்கினின்று விலகும்போது சமூகத்தின் நல்லெண்ணம் தனித்து நிற்க இயலாது என்பதை அந்த ஆண்டுகள் காட்டின. இதன் மறுபக்கத்தையும் கெய்ரோ கண்டது. 2020க்குப் பின், இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் அடங்கியுள்ள கராஃபா அடக்கத்தலப் பகுதியில், புதிய சாலைகளுக்காகப் பழமையான அடக்கத்தலங்கள் பல இடிக்கப்பட்டன. அறிஞர்களும் உரிய குடும்பத்தினரும் எழுப்பிய எதிர்ப்பு பெரும்பாலும் செவிசாய்க்கப்படவில்லை. ஆட்சி விலகினாலும் அழிவு. ஆட்சி மட்டுமே முடிவெடுத்தாலும் அழிவு.

இப்போது எதிர்நிற்கும் சோதனை வாடகை பற்றியது. பழைய வாடகை ஒப்பந்தங்களை முடிவுக்குக் கொணரும் சட்டமொன்று எகிப்தில் 2025இல் நிறைவேறியது. குடியிருப்புகளுக்கு ஏழு ஆண்டுகளும் பிற இடங்களுக்கு ஐந்து ஆண்டுகளும் இடைக்காலம் அளிக்கப்பட்டுள்ளன. உரிமையாளர்க்கு நியாயமான வாடகை கிடைத்தால் பழுதுபார்க்க மனம் வரும் என்ற எதிர்பார்ப்பு தவறானதன்று. ஆயினும் பூங்காவின் பக்கத்தில், புதுப்பித்த பள்ளிவாசலின் நிழலில் மதிப்பு உயர்ந்துவிட்ட ஒரு வீட்டுக்கு வரும் புதிய வாடகையைச் செருப்புத் தைப்பவரால் செலுத்த இயலுமா? பகுதி அழகாகும்போது அதை அழகாக்கிய மக்களே வெளியேற நேர்ந்தால், கல் மிஞ்சும். கய்யாமிய்யாத் துணி காட்சிச்சாலையில் தொங்கும். அதைத் தைத்தவனோ பாலைவன ஓரத்து அடுக்குமாடியில் தொழிலின்றி அமர்ந்திருப்பான். தீங்கிழைப்பதும் கூடாது, தீங்குக்குப் பதில் தீங்கும் கூடாது என்னும் ஷரீஅத்தின் பொதுவிதி இங்கே உரிமையாளர், குடித்தனக்காரர் ஆகிய இருவருக்கும் சமமாகவே பொருந்தும். அவ்விருவருக்கும் நியாயம் செய்யும் வழியைக் கண்டாலன்றி அச்சட்டம் இப்பகுதிக்கு நன்மை தராது.

படிப்பினை

தர்புல் அஹ்மர் நமக்குக் கற்பிப்பவை மூன்று என்று தோன்றுகிறது. ஒன்று, பழைய நகர்ப்பகுதியை மீட்கும் பணி அதில் வாழ்வோரை நிலைக்கச் செய்வதிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு, மக்கள், மாநகர ஆட்சி, அறப்பணியாளர் ஆகிய மூவருள் எவர் ஒருவர் விலகினும் பணி நிலைகுலையும். மூன்று, இவற்றுள் மிக முக்கியமானது: புதுப்பித்தல் ஒருமுறை நிகழும் செயல், பேணுதல் நாள்தோறும் நிகழ வேண்டிய செயல். அறக்கட்டளைகள் கொடையளித்துப் புதுப்பிக்கின்றன. கொடை முடிந்த மறுநாள் ஒழுகும் கூரைக்கு ஓடு மாற்றுவது யார் செலவில்?

இக்கேள்விக்கு நம் ஃபிக்ஹ் அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே விடை வகுத்தனர். கட்டடத்தோடு கூடவே அதற்கான வருவாயையும் அவர்கள் கட்டச் சொன்னார்கள். அவ்வருவாயின் முதற்பங்கைச் சுவருக்கே உரியதாக்கினார்கள். அச்சொத்தின் பொறுப்பைத் தெருவறிந்த ஒருவர் கையில் ஒப்படைத்தார்கள். அவ்வேற்பாட்டைச் சூழ்ச்சிக்காரர் வளைக்கக்கூடும் என்பதை மக்ரீஸீயின் ஏடு நமக்கு எச்சரிக்கிறது. வளைக்க இயலாதவாறு சட்டமும் கணக்கும் வெளிப்படைத்தன்மையும் கொண்டு அதனை மீட்டெடுக்க முடியுமா என்பதே கெய்ரோவின் முன்னும், வக்ஃப் சொத்துகள் நிறைந்த ஒவ்வொரு முஸ்லிம் நகரின் முன்னும் உள்ள வினா.

நம் ஊர்களிலும் பள்ளிவாசலைப் புதுப்பிக்க இலட்சக்கணக்கில் நன்கொடை திரட்டும் ஆர்வம் உண்டு. அப்பள்ளிவாசலின் நிழலில் தலைமுறைகளாகக் குடியிருக்கும் ஏழையின் வீட்டுக் கூரையும் அதே மஹல்லாவின் ‘இமாரா’வில் சேருமல்லவா? கிதத்தையும் ஆஸாரையும் ஒரே தலைப்பில் எழுதிய மக்ரீஸீயின் நூற்பெயரை இவ்வினாவோடு மீண்டும் ஒருமுறை வாசித்துப் பார்ப்போம். வல்ல அல்லாஹ் நம் முன்னோரின் அறங்களை ஓயாது ஓடச் செய்வானாக. அவற்றைப் பேணும் பொறுப்பை நமக்கும் எளிதாக்குவானாக.